பெண் சமத்துவச் சட்டம் யாருடைய கலாசாரம்? - சில விமர்சனக் குறிப்புகள்

முந்திய இதழில் பெண் சமத்துவம் பற்றி நண்பர் ஒருவர் எழுதிய கட்டுரையையும், அதற்கு மறுப்பாகச் சென்ற இதழில் வெளிவந்த வாசகர் கடிதத்தையும் ஒருசேர வைத்து வாசித்தேன். கட்டுரையாளரின் வாதம் இதுதான்: ஐரோப்பிய சமூகம் பெண்ணைச் சமமாக மதிக்கும் நாகரிகம் கொண்டது, அந்த நாகரிகத்தின் வெளிப்பாடே ஜேர்மனியச் சட்டம், எமது பெண்களுக்கு அது விடுதலையைக் கொடுத்திருக்கிறது, ஆண்களாகிய நாம் அதை நன்றியுடன் ஏற்கப் பழகவேண்டும். கடிதம் எழுதியவரின் வாதம் இதற்கு நேர் எதிர்: அது அவர்களின் கலாசாரம், எங்களுடையது வேறு, இந்தச் சட்டங்களாலேயே எங்கள் குடும்பங்கள் சிதைகின்றன.

இருவரும் ஒருவரையொருவர் சாடினாலும் ஒரு விடயத்தில் முழுமையாக உடன்படுகிறார்கள். பெண் சமத்துவம் ஜேர்மனியர்களின் சொத்து என்பதே அது. ஒருவர் அந்தச் சொத்தைக் கைகூப்பி வாங்கச் சொல்கிறார், மற்றவர் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். இந்தப் பொது எடுகோளே தவறானது என்பது எனது அபிப்பிராயம். நான் இருவருடனும் முரண்படுகிறேன். ஆனால் சம அளவில் அல்ல. கட்டுரையாளரின் தவறு வரலாற்றுத் தவறு. கடிதம் எழுதியவரின் தவறுக்குப் பின்னால் ஒரு நலன் இருக்கிறது.

1900 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த ஜேர்மனியக் குடியியற் சட்டக்கோவையை எடுத்துக்கொள்வோம். அதன் 1354ஆம் பிரிவின்படி மணவாழ்க்கை தொடர்பான எல்லா விடயங்களிலும் தீர்மானம் எடுப்பவன் கணவன். எந்த ஊரில், எந்த வீட்டில் வாழ்வது என்பதும் அதில் அடங்கும். 1356ஆம் பிரிவு வீட்டை நடத்துவது மனைவியின் உரிமையும் கடமையும் என்றது. 1358ஆம் பிரிவின்படி, தனது சம்மதமின்றி மனைவி வேலைக்குப் போனால், நீதிமன்றத்தின் அனுமதியுடன் அந்த வேலை ஒப்பந்தத்தைக் கணவன் முறித்துவிடலாம். 1363ஆம் பிரிவு, மனைவி கொண்டுவந்த சொத்தை நிர்வகிப்பவனும் அதன் வருமானத்தை அனுபவிப்பவனும் கணவனே என்றது. பிள்ளைகள் விடயத்தில் தாயும் தகப்பனும் முரண்பட்டால் தகப்பனின் சொல்லே செல்லும். இவற்றைத் தமிழில் எழுதி, எந்த நாட்டுச் சட்டம் என்று சொல்லாமல் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் வாசித்திருந்தால், யாழ்ப்பாணத்துக் குடும்ப ஒழுங்கை யாரோ நன்றாகத் தொகுத்திருக்கிறார்கள் என்றே பெரியவர்கள் மெச்சியிருப்பார்கள்.

இந்தச் சட்டக்கோவை விவாதத்தில் இருந்தபோதே, 1896இல், ஜேர்மனியப் பெண்கள் அமைப்புகள் கூட்டங்கள் நடத்தின, மனுக்கள் அனுப்பின. பலன் கிடைக்கவில்லை. 1918 நவம்பர்ப் புரட்சி பெண்களுக்கு வாக்குரிமையைக் கொண்டுவந்தது. 1919ஆம் ஆண்டின் வைமார் யாப்பு ஆண்களுக்கும் பெண்களுக்கும் 'கொள்கையளவில்' ஒரே குடியியல் உரிமைகளும் கடமைகளும் உண்டென்று எழுதியது. 'கொள்கையளவில்' என்ற அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. பெண் வாக்களிக்கலாம், பாராளுமன்றத்துக்கும் போகலாம். வீட்டுக்குத் திரும்பினால் 1354ஆம் பிரிவு அப்படியே காத்திருந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, 1948 செப்டெம்பரில் பொன் நகரில் கூடிய யாப்புச் சபையில் வாக்குரிமை கொண்ட 65 உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களில் பெண்கள் 4 பேர். அவர்களில் ஒருவரான, காசெல் நகரச் சட்டத்தரணி எலிசபெத் செல்பேர்ட், 'ஆண்களும் பெண்களும் சம உரிமை உடையவர்கள்' என்ற நேரடியான வாசகத்தை முன்வைத்தார். 'கொள்கையளவில்' என்ற சொல் அதில் இல்லை. அவருடைய நோக்கமும் தெளிவானது: இந்த வாசகம் ஏற்கப்பட்டால் குடும்பச் சட்டம் முழுவதையும் திருத்தி எழுதவேண்டி வரும். மற்றவர்களுக்கும் அது விளங்கியிருந்தது. எனவே 1948 டிசம்பரில் அதை நிராகரித்தார்கள். ஒத்ததை ஒத்ததாகவும் வேறானதை அதனதன் இயல்புக்கேற்பவும் சட்டம் நடத்தவேண்டும் என்ற மாற்று வாசகம் ஆதரிக்கப்பட்டது. 'இயல்பு' என்ற இந்தச் சொல்லை நாங்கள் வேறு எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா?

செல்பேர்ட் சபைக்கு வெளியே போனார். பெண்கள் அமைப்புகளிலிருந்தும் தொழிற்சங்கப் பெண்களிடமிருந்தும் எதிர்ப்புக் கடிதங்கள் பொன் நகருக்கு வந்து குவிந்தன. 1949 ஜனவரி 18ஆம் திகதி அதே குழு அதே வாசகத்தை ஏற்றுக்கொண்டது. அதுவே இன்று அடிப்படைச் சட்டத்தின் 3ஆம் உறுப்புரையில் இருக்கிறது. ஆறு வாரங்களுக்குள் ஜேர்மனியக் கலாசாரம் மாறிவிடவில்லை. பெண்கள் கொடுத்த நெருக்குதலே முடிவை மாற்றியது. இதைச் சாதித்த செல்பேர்ட்டுக்கு 1949இல் தெரிவான முதலாவது பாராளுமன்றத்தில் ஓர் ஆசனம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும்.

அதே யாப்பின் 117ஆம் உறுப்புரை எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. சமத்துவத்துக்கு முரணான பழைய சட்டங்கள் திருத்தப்படும்வரை நடைமுறையில் இருக்கும், ஆனால் 1953 மார்ச் 31ஆம் திகதிக்கு மேல் இருக்கமாட்டா என்று அது சொன்னது. அதாவது பழைய சட்டத்துக்கு ஒரு காலக்கெடு. பாராளுமன்றம் அந்தத் தவணைக்குள் எதுவும் செய்யவில்லை. 1953 ஏப்ரல் 1ஆம் திகதி முதல் முரணான குடும்பச் சட்டப் பிரிவுகள் செல்லாதவையாகின. நீதிபதிகள் ஒவ்வொரு வழக்காகத் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. சமத்துவம் வெறும் நோக்கமல்ல, கட்டுப்படுத்தும் சட்டமே என்பதை அதே ஆண்டு டிசம்பரில் யாப்பு நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அந்த நீதிமன்றத்தில் அன்று இருந்த ஒரே பெண் நீதிபதி ஏர்னா ஷெப்லர்.

1957இல்தான் சம உரிமைச் சட்டம் நிறைவேறியது. 1958 யூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. மனைவியின் வேலையைக் கணவன் முறிக்கும் அதிகாரமும், அவளுடைய சொத்தை அவன் நிர்வகிக்கும் அதிகாரமும் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கின. ஆனால் குடும்பக் கடமைகளோடு ஒத்துப்போகும் அளவுக்கே மனைவி வேலைக்குப் போகலாம் என்ற வாசகம் உள்ளே வந்தது. பிள்ளைகள் விடயத்தில் தகப்பனுக்கு இறுதிச் சொல்லும் விடப்பட்டது. அதை 1959 யூலையில் யாப்பு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வீட்டு வேலையை யார் செய்வது என்பதை இருவரும் பேசித் தீர்மானிக்கவேண்டும், வேலைக்குப் போக இருவருக்கும் உரிமை உண்டு என்று சட்டம் சொல்ல 1977 யூலை ஆகிவிட்டது. கிழக்கு ஜேர்மனியில் 1949ஆம் ஆண்டின் யாப்பே சமத்துவத்துக்கு முரணான சட்டங்களை நீக்கிவிட்டது. ஒரே மொழியும் ஒரே பழக்கவழக்கமும் கொண்ட மக்கள், இரண்டு அரசுகள், இரண்டு விதமான குடும்பச் சட்டங்கள். கலாசாரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்போர் இதை எப்படி விளக்குவார்கள்?

1950களில் இந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள் சொன்ன நியாயங்களைப் பார்த்தால், எங்கள் கடிதக்காரர் அவர்களுடைய மேசையிலிருந்து எழுதியது போலத் தோன்றும். கணவனின் தலைமை இயற்கையின் ஒழுங்கு, இறைவனின் ஒழுங்கு. இரண்டு தலை கொண்ட குடும்பம் நிலைக்காது. தாய் வேலைக்குப் போனால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள். 1953இல் முதலாவது குடும்ப அமைச்சராக வந்த பிரான்ஸ் ஜோசப் வூர்மெலிங் இந்தப் பக்கத்தின் முக்கிய குரல். ஆக, 'எங்கள் கலாசாரம்' என்று கடிதக்காரர் காக்க முனைவது தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஆணாதிக்கம் எங்கெல்லாம் கேள்விக்குள்ளாகிறதோ அங்கெல்லாம் அது கலாசாரத்தின் சட்டையைப் போட்டுக்கொள்கிறது.

இங்கு என்னைப் பற்றியும் ஒரு விடயம் சொல்லவேண்டும். ஊரில் நான் அரசறிவியல் விரிவுரையாளராக இருந்தேன். இலங்கையின் 1978ஆம் ஆண்டு யாப்பைப் படிப்பித்தேன். பால் அடிப்படையில் எவருக்கும் பாரபட்சம் காட்டப்படலாகாது என்ற 12ஆம் உறுப்புரையைக் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். 2003இல் என் அக்கா தனது சீதனக் காணியை விற்க முனைந்தார். அத்தான் வெளிநாடு போய்ப் பல வருடங்கள். கடிதமும் இல்லை, காசும் இல்லை. உறுதி எழுதப் போனபோது கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று நொத்தாரிசு சொல்லிவிட்டார். தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்கு 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் விதித்த நிபந்தனை அது.

அக்கா என்னிடம் கேட்டார்: 'அந்தக் காணி அம்மா எனக்குத் தந்தது. அது எந்தப் பக்கம் கிடக்குதெண்டே அந்தாளுக்குத் தெரியாது. பிறகு ஏன் அவற்றை கையெழுத்து?' நான் சொன்ன பதில், 'சட்டம் அப்பிடித்தான் அக்கா. அத்தானைத் தேடிப் பிடிப்பம்.' காலையில் 12ஆம் உறுப்புரையைப் படிப்பித்த நான், மாலையில் அத்தானின் விலாசம் தேடித் தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில், கைவிடப்பட்ட மனைவி என்று மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, கணவனின் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்றோம். அதற்குள் வாங்க வந்தவர் வேறு காணி வாங்கிவிட்டார். பிறகு வந்தவருக்குக் குறைந்த விலைக்கே கொடுக்க நேர்ந்தது. அக்கா கேட்டது ஒரு யாப்புக் கேள்வி என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

அதற்கான விடை நான் படிப்பித்த புத்தகத்திலேயே இருந்தது. 1978 யாப்பின் 16ஆம் உறுப்புரை, ஏற்கெனவே இருந்த எழுதப்பட்ட, எழுதப்படாத சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்று சொன்னது. அதை ஒரு தொழில்நுட்ப ஏற்பாடு என்று ஒரே வரியில் கடந்துவிடுவது என் வழக்கம். ஜேர்மனிய யாப்பின் 117ஆம் உறுப்புரையை இங்கு வந்து, மொழி படிக்கும் காலத்தில் வாசித்தபோதுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு யாப்புகளும் சமத்துவத்தை எழுதின. ஒன்று பழைய சட்டத்துக்குத் தவணை வைத்தது. மற்றது பழைய சட்டத்துக்குத் தவணையில்லாத காவல் போட்டது. வேறுபாடு நாகரிகத்தில் இல்லை, இந்த ஒரு உறுப்புரையில் இருக்கிறது. அந்த உறுப்புரைக்காகப் போராடவும் முடியும், அதற்கெதிராகப் போராடவும் முடியும்.

'எங்கள்' சட்டம் எவ்வளவு தூரம் எங்களுடையது என்பதும் கேள்விக்குரியது. தேசவழமையை 1707இல் தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பிரித்தானிய ஆட்சியில் இயற்றப்பட்டது. 1923இல் அதே ஆட்சி, பொதுச் சட்டத்துக்குட்பட்ட இலங்கைப் பெண்களுக்குத் தம் சொத்தைக் கணவனின் சம்மதமின்றிக் கையாளும் உரிமையை வழங்கிய சட்டத்திலிருந்து தேசவழமைக்குட்பட்ட தமிழ்ப் பெண்களை விலக்கி வைத்தது. ஐரோப்பியர் கையால் எழுதப்பட்ட ஒன்றை ஐரோப்பியரிடமிருந்து காக்கவேண்டிய எமது கலாசாரம் என்று கடிதக்காரர் சொல்கிறார்.

இனிக் கட்டுரையாளரிடம் வருகிறேன். சட்டம் மாறியதும் சமத்துவம் வந்துவிட்டது என்று அவர் எழுதுகிறார். தொழிற்சாலையில் வேலை செய்யும் எவரும் இதை இவ்வளவு இலகுவாக ஏற்கமாட்டார். ஜேர்மனியக் கூட்டு ஒப்பந்தங்களில், ஒரே வேலைக்குப் பெண்களின் சம்பளம் இத்தனை வீதம் குறைவு என்று வெளிப்படையாக எழுதும் வழக்கம் இருந்தது. 1955 ஜனவரியில் சமஷ்டித் தொழில் நீதிமன்றம் அதை யாப்புக்கு முரணானது என்றது. ஆனால் வேலை பாரமானதா இலகுவானதா என்று பார்த்துச் சம்பளம் வகுக்கலாம் என்ற வழியையும் அதே தீர்ப்பு காட்டியது. 'பெண்' என்ற சொல் ஒப்பந்தங்களிலிருந்து மறைந்தது. 'இலகுவேலை' என்ற சம்பளத் தரம் வந்தது. அந்தத் தரத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆயிரம் சிறு பாகங்களை ஒரு நாளில் கையால் எடுத்து வைப்பது இலகு, ஒரு பெரிய பாகத்தை இயந்திரத்தின் உதவியுடன் தூக்குவது பாரம் என்று யார் தீர்மானித்தது?

1973 ஓகஸ்டில், நொய்ஸ் நகரில் வாகனங்களுக்கான காபுரேற்றர் செய்யும் பியேர்புர்க் தொழிற்சாலையில் இந்தக் கேள்வி வேலைநிறுத்தமாக வெடித்தது. முன்னின்றவர்கள் துருக்கி, கிரேக்கம், யூகோஸ்லாவியா, இத்தாலி, ஸ்பெயின் நாடுகளிலிருந்து வந்த பெண் தொழிலாளர்கள். பொலிஸ் தாக்கியது. சில நாட்களில் ஜேர்மனிய ஆண் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். முடிவில் அங்கு இலகுவேலைத் தரம் ஒழிக்கப்பட்டது. ஐரோப்பியர் எமக்குச் சமத்துவம் கொடுத்தார்கள் என்று எழுதும் நண்பருக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: ஜேர்மனியப் பெண்களின் சம்பள உரிமைக்காக வேலையை நிறுத்தியவர்களில், எங்களைப் போல டொச் சரியாகப் பேசத் தெரியாத பெண்களும் இருந்தார்கள். 1981 செப்டெம்பரில் கெல்சென்கிர்சென் நகரின் ஹைன்ஸே படச்சுருள் ஆய்வுகூடத்துப் பெண்கள் 29 பேர், ஆண்களுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்கப்பட்ட படிகளுக்கு எதிரான வழக்கில் வென்றதும் இந்த வரிசையில் சேரும்.

வேலைக்கு ஆள் எடுப்பதில் பாரபட்சம் காட்டலாகாது என்ற சட்டத்தை 1980இல் மேற்கு ஜேர்மனி கொண்டுவந்தது, அதுவும் ஐரோப்பிய சமூகத்தின் கட்டளையை நிறைவேற்றுவதற்காக. வேர்ல் சிறைச்சாலையில் சமூகப் பணியாளர் வேலைக்கு விண்ணப்பித்த இரண்டு பெண்கள் பெண்கள் என்பதற்காகவே நிராகரிக்கப்பட்டார்கள். வழக்கில் பாரபட்சம் நிரூபணமாயிற்று. ஆனால் அந்தச் சட்டத்தின்படி அவர்களில் ஒருவருக்கு உரியது என்று ஜேர்மனிய நீதிமன்றம் கண்டது 7.20 மார்க்; விண்ணப்பிக்கப் போய்வந்த பிரயாணச் செலவு. 1984இல் ஐரோப்பிய நீதிமன்றம், நட்டஈடு பாரபட்சத்தைத் தடுக்கும் அளவுக்காவது இருக்கவேண்டும் என்று சொல்லவேண்டியதாயிற்று. விரிவான சமநடத்தைச் சட்டம் 2006 ஓகஸ்டிலும், சம்பள வெளிப்படைத்தன்மைச் சட்டம் 2017இலும் வந்தன. இவ்வளவுக்கும் பிறகு, 2024ஆம் ஆண்டுக்கான அரச புள்ளிவிபரத்தின்படி பெண்களின் சராசரி மணித்தியாலச் சம்பளம் ஆண்களுடையதைவிட 16 வீதம் குறைவு. பகுதிநேர வேலையும் தொழில் வேறுபாடும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்பது உண்மை. ஆனால் பகுதிநேர வேலையை யார், ஏன் தெரிவுசெய்ய நேர்கிறது என்ற கேள்வி உடனே எழுகிறது.

'எமது பெண்களுக்கு' என்று நண்பர் எழுதும் இடத்தில் இன்னொன்றும் விடுபடுகிறது. கணவனிடம் வந்து சேரும் மனைவியின் வதிவிட உரிமை முதலில் திருமணத்தோடு கட்டப்பட்டது. தனியான உரிமை பெறுவதற்கு 2000ஆம் ஆண்டுவரை 4 வருடங்கள், பிறகு 2 வருடங்கள், 2011இலிருந்து 3 வருடங்கள் சேர்ந்து வாழ்ந்திருக்கவேண்டும். குடும்ப வன்முறை போன்ற நிலைமைகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதை நிரூபிக்கவேண்டியவள் மொழி தெரியாத, ஆட்களைத் தெரியாத பெண். சட்டத்தில் கணவன், மனைவி என்ற வேறுபாடு இல்லை. எம்மவரிடையே வந்து சேர்பவர் பெரும்பாலும் மனைவிதான். 'விசா என்ரை கையிலை' என்று சொல்லும் கணவனை நாம் எல்லோரும் அறிவோம். அவனுக்கு அந்தத் துணிவைத் தந்தது எமது கலாசாரம் மட்டுமல்ல.

கடைசியாக, குடும்பங்கள் சிதைகின்றன என்ற குற்றச்சாட்டு. திருமணத்துக்குள் நடக்கும் பாலியல் வல்லுறவைக் குற்றமாக்கும் சட்டம் ஜேர்மனியில் 1997இல்தான் நிறைவேறியது. அடித்தவனை வீட்டைவிட்டு வெளியேற்ற வழிசெய்யும் சட்டம் 2002 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒரு பெண் இந்தச் சட்டங்களிடம் போகிறாள் என்றால், அவளுடைய குடும்பத்தில் ஏதோ ஒன்று அதற்கு முன்பே உடைந்திருக்கிறது. கடிதக்காரர் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. சிதையாமல் இருக்கவேண்டும் என்று அவர் விரும்புவது குடும்பமா, அல்லது அதில் தனக்கிருந்த இறுதிச் சொல்லா? இதைத்தான் நலன் என்று தொடக்கத்தில் குறிப்பிட்டேன். அக்காவின் காணி விடயத்தில் அந்த நலனுக்கு நானும் துணைபோனேன் என்பதால், இந்தக் கேள்வியை என்னை விலக்கி வைத்துக்கொண்டு கேட்கவில்லை.

இன்னொரு குறையையும் சுட்டிக்காட்டவேண்டும். கட்டுரை எழுதியவர் ஆண், மறுப்பு எழுதியவர் ஆண், இப்போது மூன்றாவதாக நான். எங்கள் தொழிற்சாலையில் பாகங்களைத் தரம்பிரிக்கும் பகுதியில் தமிழ்ப் பெண்கள் மூவர் வேலை செய்கிறார்கள். இலகுவேலை என்றால் என்ன என்று என்னைவிட அவர்களுக்குத் தெரியும். இந்தச் சஞ்சிகைக்கு எழுதும்படி அவர்களில் ஒருவரிடம் கேட்டேன். 'எழுத எங்கை அண்ணை நேரம்? ஆறு மணிக்கு வீட்டை போனால் சமையல், பிறகு பிள்ளையளின்ரை பாடம். நீங்கள் வந்து கேளுங்கோ, நான் சமைச்சுக்கொண்டு சொல்லுறன்' என்றார். ஆசிரியர் குழு அடுத்த இதழுக்கு அவரை நேர்கண்டு வெளியிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போகிறவர் ஆணாக இருந்தால், அன்றைய சமையலில் அவரும் கைகொடுக்கலாம்.